மூடியைத் திறந்து பார்த்தவர்: ஜி.டி. நாயுடு

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் பரளச்சி. அருப்புக்கோட்டையில பஸ் ஏறினா ரெண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், மழை பெஞ்ச வருஷம்னா பருத்தி, மக்காச்சோளம். ஊர்ல என் மாமா ஒரு சின்ன லேத் பட்டறை வச்சிருக்கார். தகரக் கூரை. டிராக்டர் கலப்பைக்கு புஷ் கடையுறது, விசைத்தறிக்கு ஷாஃப்ட் சரி பண்றது, வெல்டிங், இதுதான் அங்க வேலை.

நான் போன அன்னைக்கு லேத் ஓடல. அந்த லேத்ல இருக்குறது 3 பேஸ் மோட்டார். ஆனா பட்டறைக்கு வர்றது சிங்கிள் பேஸ் கரண்ட். அதனால நடுவுல ஒரு டிரைவ் மாட்டியிருக்கார். நம்ம லேப்ல வி.எஃப்.டி.னு படிச்சோமே, அதேதான். வர்ற 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கி, அந்த டி.சி.யைத் துண்டு துண்டா வெட்டி மறுபடியும் 3 பேஸா மோட்டாருக்குக் கொடுக்கும். அதிர்வெண்ணை மாத்தினா வேகம் மாறும். 4 போல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ்ல காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 சுத்து, 25 ஹெர்ட்ஸ்ல 750. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்வெர்ட்டர் சர்க்யூட்டை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரைவேன்.

மாமா என்னைப் பார்த்ததும், மாப்ள வந்துட்டான், இந்தப் பெட்டியை அவனே பார்க்கட்டும்னு சொல்லி ஸ்க்ரூ டிரைவரைக் கையில கொடுத்துட்டார். பட்டறையில இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திட்டு என்னைப் பார்க்குறாங்க. நான் அந்தப் பெட்டியைப் பார்க்குறேன். மக்களே, உண்மையைச் சொல்றேன். எந்த ஸ்க்ரூவை முதல்ல கழட்டணும்னே எனக்குத் தெரியல.

கொஞ்ச நேரம் கழிச்சு மாமா சிரிச்சுக்கிட்டே ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப வாங்கினார். அவர் பத்தாவது வரைக்கும்தான் படிச்சார். அப்புறம் கோயம்புத்தூர் பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில பல வருஷம் வேலை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பொழுது போகலைன்னா அவினாசி ரோட்டுல இருக்குற ஜி.டி. நாயுடு கண்காட்சிக்குப் போயிடுவாராம். மூணாவது வகுப்பைக்கூட ஒழுங்கா படிக்காத ஒரு மனுஷன் ஒரு மோட்டார் பைக்கைப் பிரிச்சுப் பார்த்துத்தான் எல்லாத்தையும் கத்துக்கிட்டார், நீ நாலு வருஷம் படிச்சும் மூடியைத் திறக்கப் பயப்படுறியேன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். ஆனா எனக்கு அது உறைச்சுது.

எனக்கு ஜி.டி. நாயுடுன்னா இந்தியாவின் எடிசன்ங்கிற பட்டம் மட்டும்தான் தெரியும். 2025 அக்டோபர்ல அவினாசி ரோட்டுல திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பேர் வச்சாங்கன்னு செய்தியில பார்த்திருக்கேன். அவ்வளவுதான். அந்த லீவு முழுக்க அவரைப் பத்திப் படிச்சேன். அதைத்தான் இங்க எழுதுறேன். டிரைவ் என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன்.

பைக் வாங்கின கதை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே சூலூர்ப் பக்கம் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடி வந்தார் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டது. அதன் பிறகு தோட்டத்தில் வேலை, கையில் கிடைத்த புத்தகங்களைத் தானே எழுத்துக்கூட்டிப் படிப்பது என்று நாட்கள் போயின.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பக்கம் மோட்டார் வண்டி என்பதே அபூர்வம். லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் பைக்கில் அந்தப் பக்கம் வந்தார். மாடு இல்லாமல், குதிரை இல்லாமல் ஓடுகிற வண்டி. அதைப் பார்த்த நாள் முதல் அந்த இளைஞருக்கு வேறு நினைப்பே இல்லை. நம்மில் பலருக்கு ஒரு பைக்கைப் பார்த்தால் ஓட்டணும் என்று தோன்றும். அவருக்கு அது எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

அதற்குக் காசு வேண்டும். கோவைக்குப் போனார். ஒரு ஹோட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். தட்டு எடுத்து, டேபிள் துடைத்து, கிடைத்ததைச் செலவழிக்காமல் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியிடம் போய் அந்த பைக்கை விலைக்கு வாங்கினார். ரட்ஜ் கம்பெனி வண்டி. வாங்கிய பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்தார். மறுபடியும் மாட்டினார். எது எதோடு சேருகிறது, எதை எடுத்தால் எது நிற்கிறது என்று பார்த்தார். அப்படியே ஒரு மெக்கானிக் ஆனார்.

இதை இப்ப நம்ம கண்ணால பாருங்க. ஒரு சர்வர் பல மாச சம்பளத்தைச் சேர்த்து ஒரு பொருள் வாங்குறார். அதை முதல் வேலையா பிரிச்சுப் போடுறார். திரும்ப மாட்ட வரலைன்னா எல்லாம் போச்சு. வீடியோ கிடையாது, மேனுவல் கையில இல்ல, கேட்க ஆள் இல்ல. நம்ம லேப்ல ஒரு ஐ.சி. போச்சுன்னா அட்டெண்டர் அண்ணன்கிட்ட இன்னொண்ணு வாங்கிக்கலாம். அதுக்கே நம்ம கை நடுங்குது.

பருத்தியில விழுந்தார், பஸ்ஸுல எழுந்தார்

முதல் உலகப் போர் சமயத்தில் அவர் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழில் நல்ல லாபம் தந்தது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்தி வியாபாரத்தில் கை வைத்தார். மொத்தமும் போனது. எங்க ஊர்ப் பக்கம் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டாம். பருத்தி விலை ஏறும்னு நம்பி ஏமாந்த ஆள் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்.

வெறும் கையோடு கோவைக்குத் திரும்பியவர், சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. டிரைவர் வேறு யாரும் இல்லை, அவரேதான். அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனைடெட் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., ஆனது. 1930-களின் தொடக்கத்தில் அவரிடம் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் இருந்தன. நேரம் தவறாமல் பஸ் ஓட வேண்டும் என்பதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. யு.எம்.எஸ். பஸ்ஸைப் பார்த்து மணி சொல்லலாம் என்கிற அளவுக்குப் பெயர்.

நூற்றுக்கணக்கான வண்டிகள் நேரத்துக்கு ஓட வேண்டும் என்றால் என்ன வேண்டும்? நல்ல ரிப்பேர் ஷெட் வேண்டும். வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பாகம் வரும் வரை காத்திருந்தால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் அன்றைய வருமானம் போகும். அதனால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதும், வேண்டிய பாகத்தை இங்கேயே செய்துகொள்வதும் அவருக்குப் பிழைப்பே ஆனது. கோவை பின்னாடி பம்பு, மோட்டார், வார்ப்படம்னு வளர்ந்ததுக்கு இந்த மாதிரி பட்டறைகள் ஒரு முக்கியக் காரணம்.

முதல் மோட்டார்

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. கிணற்றில் கமலை கட்டி மாட்டை வைத்துத் தண்ணீர் இறைத்த விவசாயிகளுக்கு மின்சார பம்பு என்ற ஆசை வந்தது. கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு, நடுவுல மோட்டார் வேணும். மோட்டார் எல்லாம் கப்பலில் வந்தது. விலை அதிகம். கெட்டுப்போனால் பாகம் கிடைக்காது.

இந்த இடத்தில் டி. பாலசுந்தரம் நாயுடு என்ற இன்னொரு கோவைக்காரர் வருகிறார். பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கியவர். இவரும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் என்ற பட்டறையில் 1937-ல் ஒரு மின் மோட்டாரைத் தயாரித்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இண்டக்‌ஷன் மோட்டாரை நாம ரெண்டாம் வருஷத்துல படிச்சோம். நிக்கோலா டெஸ்லா 1888-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதாவது 1937-ல் அது உலகத்துக்குப் புதுசு இல்லை. புத்தகத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் புத்தகத்தில் இருப்பதைக் கோவையில் செய்வது வேற விஷயம். ஸ்டாம்பிங் தகடு வெட்டணும். ஸ்லாட்டுக்குள்ள கம்பி சுத்தணும். வார்னிஷ் போடணும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவுல மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, அது சுத்தி வர ஒரே மாதிரி இருக்கணும். பேரிங் இருக்கை கொஞ்சம் விலகினாலும் ரோட்டர் உரசும். இதைச் சாதிக்க நல்ல லேத் வேணும், லேத்ல நிக்குற நல்ல ஆள் வேணும். எங்க மாமா பட்டறையில நின்னு பார்த்த பிறகுதான் எனக்கு இது புரிஞ்சுது.

சின்ன மோட்டார், மலிவு ரேடியோ

நாயுடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பலமுறை போனார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார், கேமராவில் படம் பிடித்தார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைக்கூடப் படமாக எடுத்திருக்கிறார். மாகாணத் தேர்தலிலும் நின்று தோற்றார். மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் ஒன்றும் அவர் கண்டுபிடிப்புப் பட்டியலில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரேசண்ட் என்ற மின்சார ஷேவிங் ரேசர். டார்ச் லைட்டுக்குப் போடுகிற மாதிரி உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் அதற்குள் இருந்தது. இன்னைக்கு டிரிம்மர் இல்லாத ஹாஸ்டல் ரூம் இல்லை. பேட்டரியில் சின்ன மோட்டார் ஓட வைப்பது இப்போது சாதாரணம். அப்போது அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உலர் மின்கலம் கொடுக்கிற கரண்ட் கம்மி. மோட்டார் சின்னதாகவும் இருக்க வேண்டும், முடியை வெட்டுகிற பலமும் வேண்டும், பேட்டரி உடனே தீரவும் கூடாது. இதோடு மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று இன்னும் பல. எல்லாமே வீட்டில் புழங்குகிற பொருட்கள்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். ரேடியோ பணக்கார வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. 1952-ல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். ஆனால் அதைத் தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் நின்றுபோனது. தொழில் தொடங்க எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய காலம் அது.

வருமான வரி விஷயத்திலும் அவருக்கும் அரசாங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு கட்டத்தில் எதிர்ப்பைக் காட்டுவதற்காகத் தன் தயாரிப்புகளையே எல்லாரும் பார்க்க அடித்து உடைத்தார். இதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பைக்கைப் பிரித்துத் திரும்பச் சேர்ப்பதில் வாழ்க்கையைத் தொடங்கியவர், தான் சேர்த்ததைத் தானே உடைக்கிறார். அவருடைய கோபம் நியாயம் என்று சொல்பவர்களும் உண்டு, உடைத்ததை மாணவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. நான் ரெண்டாவது கட்சி.

நாலு வருஷம் எதுக்கு?

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். கோவையில் இருக்கிறவங்களுக்கு ஹோப் காலேஜ் ஸ்டாப் தெரியும். பஸ்ஸுல கண்டக்டர் ஹோப்ஸ் ஹோப்ஸ்னு கத்துவார். இறங்கிப் பார்த்தா அந்தப் பேர்ல காலேஜ் எதுவும் இருக்காது. அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்குறது ஜி.டி. நாயுடுதான்.

1945-ல் அவர் முன்னின்று உதவியதால் அங்கே ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். அந்தக் கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்கு இடம் மாறியது. இன்றைக்கு அதுதான் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, நம்ம ஜி.சி.டி. பஸ் ஸ்டாப் மட்டும் பழைய பெயரோடு அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் கல்லூரி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நாயுடு அதிலிருந்து விலகினார். காரணம் பாடத்திட்டம். பொறியியலுக்கு நாலு வருஷம் தேவையில்லை, அது நேரத்தை வீணடிப்பது, இரண்டு வருஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வந்து, வேலை தெரிய வேண்டியவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தினார். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளையும் பயிற்சி நிலையமும் இன்றும் கோவையில் இயங்குகின்றன.

இதைப் படித்துவிட்டு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க அப்பா பாங்க்ல எஜுகேஷன் லோன் எடுத்து என்னைப் படிக்க வச்சிருக்கார். ஏழு செமஸ்டர் முடிஞ்சிருச்சு. ஒரு டிரைவைத் திறக்கத் தெரியல. அப்ப நாயுடு சொன்னதுதான் சரியா? இந்த நாலு வருஷம் வேஸ்டா? இந்தக் கேள்விக்குப் பதில் பட்டறையிலேயே கிடைச்சுது. டிரைவ் கதைக்குத் திரும்பறேன்.

பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு

மாமா முதல்ல செஞ்சது மெயினை ஆஃப் பண்ணி, வயரையும் கழட்டினது. அப்புறம் டீ குடிக்கப் போயிட்டார். பத்து நிமிஷம். எனக்கு ஏன்னு தெரியும், ஆனா தோணல. உள்ள இருக்குற பெரிய கெபாசிட்டர்ல 320 வோல்ட்டுக்கு மேல டி.சி. நிக்கும். கரண்டை நிறுத்தினாலும் அது உடனே இறங்காது. வந்ததும் ஒரு 100 வாட் குண்டு பல்பை அந்த டி.சி. முனைகள்ல தொட வச்சார். மீதி இருந்த சார்ஜும் போச்சு. மீட்டர் வச்சு ஜீரோன்னு பார்த்த பிறகுதான் கையை வச்சார். இதை மட்டும் யாரும் ஷார்ட்கட் பண்ணாதீங்க மக்களே.

நான் உடனே ஐ.ஜி.பி.டி. போயிருக்கும்னு சொன்னேன். எக்ஸாம்ல அதைத்தானே பத்து மார்க்குக்கு எழுதுறோம். மாமா மீட்டரை டயோட் மோடுல போட்டு முதல்ல பிரிட்ஜ் ரெக்டிஃபையரைப் பார்த்தார். அப்புறம் டி.சி. மைனஸ்ல இருந்து யு, வி, டபிள்யூ மூணுக்கும். மூணுலயும் 0.4 சொச்சம், ஒரே மாதிரி. பிளஸ் பக்கமும் அப்படியே. எங்கயும் ஷார்ட் இல்ல. நான் சொன்னது தப்பு.

அடுத்து சீரிஸ் லேம்ப். அதே குண்டு பல்பை கரண்ட் வர்ற லைன்ல தொடரா மாட்டி டிரைவை ஆன் பண்ணினார். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும். பல்பு ஒரு நொடி எரிஞ்சு அணைஞ்சுது. அதாவது பெரிய கெபாசிட்டர் சார்ஜ் ஆகுது, பவர் பக்கம் நல்லா இருக்கு. ஆனா டிஸ்ப்ளே மின்னி மின்னி அணையுது. காதைக் கிட்ட வச்சா டிக், டிக்னு ஒரு சின்ன சத்தம்.

மாமா ஒண்ணும் பேசாம எஸ்.எம்.பி.எஸ். பகுதியில ஒரு குட்டி கெபாசிட்டரைக் கழட்டினார். மேல 47 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கு. மீட்டர்ல 6 காட்டுச்சு. அருப்புக்கோட்டையில ஒரு டி.வி. ரிப்பேர் கடையில வாங்கி வச்சிருந்த டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்துப் பத்த வச்சார். டிரைவ் உசுரு வந்துருச்சு. புது டிரைவ் வாங்கினா ஆயிரக்கணக்குல ஆகும். இந்தக் கெபாசிட்டர் விலைக்கு ஒரு டீகூட வராது.

எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். வருஷா வருஷம் இதேதான் போகுது, கோடை வந்தா போகும்னு சொன்னார். ஏன் போகுதுன்னு கேட்டேன். அது அவருக்குத் தெரியல.

அங்கதான் என் நாலு வருஷம் உதவுச்சு. எஸ்.எம்.பி.எஸ்.ல இருக்குற கன்ட்ரோல் ஐ.சி.யோட நம்பரைப் பார்த்தேன், 3844. டேட்டாஷீட் செல்லுலயே கிடைச்சுது. இந்த ஐ.சி. 16 வோல்ட் வந்தாதான் எழுந்திருக்கும், 10 வோல்ட்டுக்குக் கீழ போனா தூங்கிடும். ஒரு பெரிய மதிப்பு ரெசிஸ்டர் வழியா அந்தக் குட்டி கெபாசிட்டர் மெதுவா சார்ஜ் ஆகி 16 வோல்ட்டைத் தொடும். ஐ.சி. எழுந்ததும் டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்குற துணைச் சுருள் அதுக்குச் சோறு போடணும். அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கிறது அந்தக் கெபாசிட்டர்தான். அது காஞ்சு போச்சுன்னா தாங்காது. ஐ.சி. எழுந்திருக்கும், உடனே விழும், மறுபடி எழுந்திருக்கும். அந்த டிக் டிக் அதுதான்.

அது ஏன் காயுது? எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் உள்ள திரவம் இருக்கு. சூட்டுல அது ஆவியாகும். 10 டிகிரி சூடு கூடினா ஆயுள் பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு. எங்க ஊர் மே மாச வெயில், தகரக் கூரை, மூடின பெட்டி, மேல ஒரு இஞ்ச் லேத் தூசி. மாமா வருஷா வருஷம் போட்டது 85 டிகிரி ரகம். 105 டிகிரி ரகம் ஒண்ணு ரெண்டு ரூபாதான் கூட. அதை மாத்தச் சொன்னேன். பெட்டியை லேத்துக்குப் பின்னாடி இருந்து எடுத்து, நிழல் விழுற சுவத்துல காத்து போற மாதிரி மாட்டினோம். கூலிங் ஃபேன்ல பஞ்சும் தூசியும் அடைச்சிருந்துச்சு, பிரஷ் வச்சுத் துடைச்சோம். இன்னொண்ணும் பார்த்தோம். லேத்தை டக்குனு நிறுத்தும்போது மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி ஆகி டி.சி. வோல்டேஜை ஏத்தும், டிரைவ் ஓவர் வோல்டேஜ்னு டிரிப் ஆகும். நிக்குற நேரத்தை ரெண்டு செகண்ட்ல இருந்து ஆறு செகண்டா மாத்தினேன். அந்த டிரிப்பும் நின்னுருச்சு.

மாமா முதுகுல தட்டினார். காலேஜ்ல வாங்கின எந்த கிரேடும் அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்ல.

நாயுடு சொன்னது சரியா?

என் பதில் இதுதான். பாதி சரி. புத்தகம் மட்டும் தெரிஞ்ச நான் மூடி முன்னாடி முழிச்சுக்கிட்டு நின்னேன். கை மட்டும் தெரிஞ்ச மாமா ஒரே பாகத்தை வருஷா வருஷம் மாத்திக்கிட்டே இருந்தார். நாயுடுகிட்ட ரெண்டும் இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டவர்தான், ஆனா படிப்பை விடல. தானே படிச்சார், ஊர் ஊராப் போய்ப் பார்த்தார், பார்த்ததைப் பிரிச்சார். ரெண்டு வருஷமா நாலு வருஷமாங்குறது அப்புறம் பேசுவோம். நாலு வருஷத்துல ஒரு தடவைகூட மூடியைத் திறக்காம டிகிரி வாங்க முடியுதுங்குறதுதான் பிரச்சினை. அதுக்கு சிலபஸை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்ம ஹாஸ்டல்ல எத்தனை ஃபேன் ரெகுலேட்டர் செத்துக் கிடக்கு? எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அவர் சேர்த்து வைத்த கருவிகளும் செய்த கருவிகளும் அவினாசி ரோட்டில் கண்காட்சியாக இருக்கின்றன. பக்கத்திலேயே 2015-ல் கார் மியூசியமும் திறந்தார்கள். கோவைப் பக்கம் இன்டர்வியூவுக்கோ இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கோ போனால் அரை நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம்ம டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ரூம்ல செத்துப்போன டிரைவ் மூணு கிடக்கு. ஸ்க்ராப்ல போடப் போறாங்களாம். ஹெச்.ஓ.டி. மேடத்துகிட்ட கேட்டேன், எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. வர்ற சனிக்கிழமை மதியம் மெஷின்ஸ் லேப்ல ஒண்ணொண்ணா திறக்கப் போறோம். ஸ்க்ரூ டிரைவர் நான் கொண்டு வர்றேன். ஒரு குண்டு பல்பும் ஹோல்டரும் யாராவது கொண்டு வாங்க.